ஃப்ரிட்ஜ் மேல் ஒரு போன்

தென்காசியில் ஒரு வீட்டுக்கு மெஷ் வைஃபை மாட்டிக் கொடுத்தேன். எந்தப் போன் வீட்டில் இருக்கிறது, எது வெளியே போகிறது என்று அந்த வீட்டு அக்காவின் கணவர் துபாயிலிருந்தே ஆப்பில் பார்க்கலாம். எனக்கு அதில் ஒரே பெருமை!

இரண்டு முறை சரிபார்க்கப் போனேன். இரண்டு முறையும் அந்த அக்கா ஒல்லியான கைகளால் போனை ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"போன எடுக்கலியாக்கா?"

"அது வீட்டுல இருந்தாத்தான் தம்பி, நான் வீட்டுல இருக்கேன்னு அர்த்தம். சுரண்டையில அம்மா படுக்கையில கெடக்கா. எங்க வீட்டுக்காரவுக அங்கன போவக்கூடாதுன்னுட்டாவ."

அடுத்த மாதம் கணவர், வாசல் கதவு திறந்தால் தன் போனுக்குத் தகவல் வரும்படி சென்சார் மாட்டச் சொன்னார்.

"முடியாதுன்னு சொல்லிரட்டாக்கா?"

"வேற ஆளு மாட்டுவான். நீயே மாட்டு." நான் ஏறிய ஸ்டூல் ஆட, அக்காவே அதைப் பிடித்துக்கொண்டார்.

சோதிக்கக் கதவைத் திறந்தார். உடனே துபாயிலிருந்து அழைப்பு வந்தது.

"ஆமாங்க, நல்லா வேலை செய்யுது" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.