நுரை போகும் பக்கம்

சின்னமனூர்த் தோட்டத்தில் திராட்சை வெட்டிப் பிசுபிசுத்த கையைப் பம்புசெட்டில் கழுவினேன். சோப்பு நுரை வாய்க்காலில் மிதந்து போனது. சின்ன வயதிலும் இப்படித்தான் குழாய்க்கு நேராக நின்று குளிப்போம். காலனிப் பிள்ளைகள் கீழே, எங்கள் நுரை கலந்த தண்ணீரில் குளிப்பார்கள். மேலே வந்தால் பெரியப்பா அதட்டுவார்.

நிமிர்ந்தேன். கூட வெட்டிய காலனி மாரியக்கா அதே கீழ்ப்பக்கம் காத்து நின்றார். தினமும் அப்படித்தான் நின்றிருக்கிறார். என் கண்ணில்தான் படவில்லை.

"யக்கா, மேல வாங்க. குழாயிலயே கழுவுங்க."

மரத்தடிக் கட்டிலில் இருந்த பெரியப்பா என்னைப் பார்த்து, "ஏ ஆத்தா, அவ அங்கனயே கழுவட்டும். வழக்கத்த மாத்தாத," என்றார்.

"அந்த வழக்கம் இன்னியோட போச்சு பெரியப்பா," என்று வெட்ட வந்த எல்லோர் காதிலும் விழச் சொன்னேன்.

மாரியக்கா குழாயடிக்கு வந்தார். நான் வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவினேன். அவர் கை நுரை என் காலைத் தொட்டு ஓடியது.