அதிர்வு அடங்கும்வரை

சோதனை விமானிகள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. வானத்தில் இருக்கும் விமானியைத் தரையிலிருந்து "போதும்" என்று நிறுத்துவது அவள் வேலை. பெயர் சூட்டியதே அவள் தம்பிதான். அவனும் அங்கே சோதனை விமானி.

சிறிய பயணிகள் விமானம் ஒன்றின் அடிவயிற்றில், நிலத்தைப் படமெடுக்கும் கேமராப் பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். உருவத்தில் கைவைத்துவிட்டால், பறக்கத் தகுதியானதுதான் என்று அரசு அதிகாரி முன்னால் மறுபடியும் நிரூபித்தாக வேண்டும். கணக்குகளும் தரைச் சோதனைகளும் தேறிவிட்டன. மிச்சம் அதிர்வுச் சோதனை. வழக்கமாக யாரும் போகாத வேகம்வரை படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் விமானி, வால் துடுப்பை அசைக்கும் பெடலை வெடுக்கென்று மிதிப்பார். வாலில் எழும் உதறல் உடனே அடங்க வேண்டும். அடங்காமல் வளர்ந்தால் வால் பிய்ந்துவிடும்.

அன்று தம்பியின் முறை. ஜன்னலில்லாத அறையில், வாலின் அதிர்வைக் காட்டித் திரையில் நெளியும் கோட்டைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி பின்னால் நின்றார். முதல் படிகளில் கோடு துள்ளி அடங்கியது. அடுத்ததில் அடங்கவில்லை. அகன்றது.

"குறை! வேகத்தைக் குறை!"

பதில் இல்லை. ஒலிபெருக்கியில் தகரத்தை உலுக்குவது போன்ற சத்தம். அதற்கு நடுவே, வேலை நேரத்தில் அவன் ஒருநாளும் சொல்லாத வார்த்தை:

"அக்கா..."

பிறகு வேகம் குறைந்தது, கோடு சுருங்கியது. அவன் இறங்கி வந்தான். வாலின் தகடு விரிசல் விட்டிருந்தது.

"பெட்டியோட பின்பக்கம் மொட்டையா இருக்கு. அங்க சுழலுற காத்து வால்ல போய் மோதுது. வடிவத்தை மாத்தணும்," என்றாள் அவள்.

"வேக வரம்பைக் குறைச்சுட்டு அனுமதி குடுக்கலாமே?" என்று அதிகாரியிடம் கேட்டார் நிறுவன மேலாளர்.

"எந்த வேகத்துல இது ஆரம்பிக்கும்னு உறுதியாத் தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்று அதிகாரி முடித்துவிட்டார்.

வாலைப் புதுப்பித்து, பெட்டியின் பின்பகுதியைக் கூராக நீட்டினார்கள். மறுசோதனைக்கும் தம்பியின் பெயரே வந்தது.

"இந்தத் தடவை நீ போக வேண்டாம்டா. வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன்."

"வேற யாரோட தம்பியவாவதா?"

அவள் அந்தப் பெயரை மாற்றச் சொல்லவில்லை.

மறுசோதனையில், போன முறை கோடு அகன்ற அதே வேகம் வந்தது. கோடு துள்ளியது, அடங்கியது. அடுத்த படி. அதற்கும் அடுத்தது. அடங்கியது.

அறையில் கைதட்டினார்கள். அனுமதி கிடைத்துவிடும் என்று தெரிந்தது. அவளால்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னடி ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஆபீஸ்ல ஏசி ஜாஸ்தி," என்றான் தம்பி.

அவள் சிரிக்கப் போனாள். அழுகைதான் வந்தது. முகம் கழுவப் போகிறவள் போல எழுந்து, குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் அங்கேயே நின்றாள்.