வேன் அக்காவின் குரல்

புக்கிட் செந்தோசாவிலிருந்து செரண்டா வரைக்கும் லோகேஸ்வரியின் குரலை அறியாத பிள்ளை கிடையாது. பள்ளி வேன் ஓட்டுகிறவள். வாசலில் வந்து நின்று, விடாமல் ஹார்ன் அடிப்பாள். அதற்கும் பிள்ளை வராவிட்டால் ஜன்னலை இறக்கி ஒரு சத்தம் போடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடிவரும்.

பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை போகிற வழியில் ஒரு தோட்டத்தில். அப்போது ரப்பர். பிறகு எண்ணெய்க்காகச் செம்பனை வந்தது, தொழிலாளர் லயங்களை இடித்தார்கள், சனமெல்லாம் டாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபோனது. அம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றுவிட்டது. லோகேஸ்வரி செரண்டா தொழிற்சாலையில் நின்றபடியே பல வருஷம் வேலை பார்த்தாள். புருஷன் லோரி விபத்தில் போனதும், ஓட்டை வேன் ஒன்றை வாங்கி அதை ஓட்டியே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் உள்ளங்கை அகலக் கைப்பேசி ஒன்று பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டது.

எங்கோ ஓர் ஊரில் காவல் நிலையத்தைத் தாக்கினார்கள் என்று ஒரு செய்தி வந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்ததோடு விட்டிருக்கலாம். பள்ளி விடும்வரை வேனிலேயே உட்கார்ந்து காத்திருக்கிற வேலை அவளுடையது. கைப்பேசிக்கு அதைவிட வசதியான ஆள் கிடைக்குமா? ஒன்றைப் பார்த்தவளுக்கு அதுவே இன்னொன்றை எடுத்து நீட்டியது. முகமூடி போட்டவர்கள், கைது, புகை, ஓடுகிற கால்கள். எந்த நாட்டில் வெடித்தது என்று பார்க்கமாட்டாள். வெடித்ததை மட்டும் பார்ப்பாள். கொஞ்ச நாளில் வேன் இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்த்த பிறகே சாவியைத் திருகினாள். செரண்டா ரயில் நிலையத்தில் யாரோ விட்டுப்போன பைக்குள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இருந்த கதையைக் கேட்டு ஊரே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பயம் அவளோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார்களுக்காக ‘வேன் அம்மாக்கள்’ என்று ஒரு வாட்ஸ்ஆப் குரூப் வைத்திருந்தாள். வேன் தாமதமாகும், நாளைக்குப் பள்ளி விடுமுறை என்று சொல்லத்தான் அது. அதில் இந்தச் செய்திகளையும் போட ஆரம்பித்தாள், தன் குரலிலேயே பேசி. “நல்ல வேளை சொன்னீங்கக்கா” என்று பதில் வரும்போது நெஞ்சு நிறைந்துவிடும். ஹார்னுக்கு வராதவர்கள்கூட அதற்கு வந்தார்கள். அந்த மரியாதை அவளுக்குப் பிடித்துப்போனது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் திருவிழா.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமி புறப்படும்போது ஓர் இரும்புக் குழாயில் வேட்டுப் போடுவார்கள். காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்துச் செய்கிற காரியம். அந்தக் குழாயைச் செரண்டாவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற பாவா பாய்தான் வருஷா வருஷம் சரிபார்த்துக் கொடுப்பார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். காசு வாங்கமாட்டார். கோயிலுக்குப் பின்னால், செம்பனை தொடங்குகிற இடத்தில் முனியாண்டி கல் ஒன்று இருக்கிறது. குழாயைச் சாக்கில் சுற்றி அந்தக் கல்லருகே வைத்துவிட வேண்டும். யாரிடமும் பேசக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பூசை முடிந்த பிறகு கோயில் தலைவர் போய் எடுத்துக்கொள்வார். கொடுத்தவர் நின்று நன்றி வாங்கினால் முனியாண்டிக்கு ஆகாது என்பார்கள். தோட்டத்தில் பிறந்த லோகேஸ்வரிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். பாவா பாயின் நீல லோரி மண்பாதையில் வந்தால், ‘திருவிழா வந்தாச்சு’ என்று கைதட்டி வளர்ந்தவள்.

இந்த வருஷம் நீல லோரி வரவில்லை. பாவா பாய்க்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை. மகன் இக்ராம்தான் மோட்டார் சைக்கிளில் குழாயைக் கொண்டுபோனான். தெற்கே வேலை செய்துவிட்டுச் சமீபத்தில்தான் ஊர் திரும்பியவன். கோயில் பையன்களுக்கு அவன் முகம் தெரியாது; குழாய் எப்படி வந்து சேர்கிறது என்பதும் தெரியாது.

லோகேஸ்வரி பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது கோயில் குரூப்பில் ஒரு படம் வந்தது. இளைஞர் அணித் தலைவன் திவாகரன் அனுப்பியிருந்தான். தலைக்கவசம் போட்ட ஒருவனின் முதுகு, மோட்டார் சைக்கிள், தரையில் சாக்குச் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. சாக்கின் வாயில் இரும்பு தெரிந்தது. ‘யார் இது? கோயிலுக்குப் பின்னாடி என்னமோ வெச்சிட்டுப் போறான். தெரிஞ்சவங்க சொல்லுங்க’ என்று கேட்டிருந்தான்.

அவன் கேட்டது கேள்விதான். தெரிந்தவளும் அவள்தான். ஆனால் முந்தின நாள் முழுக்க, இரும்புக் குழாயில் குண்டு செய்கிறார்கள் என்று எவனோ பேசிய காணொளியையே திரும்பத் திரும்பப் பார்த்திருந்தாள். அவள் கண்ணுக்குள் அதுதான் நின்றது; நீல லோரி நிற்கவில்லை. குரல் பதிகிற பொத்தானை அழுத்திப் பேசினாள்.

“ஐயோ, இது குண்டுதான்! இரும்புக் குழாய்! நேத்துக் காட்டினது அப்படியே இதே மாதிரிதான். யாரும் கோயில் பக்கம் போகாதீங்க. புள்ளைங்கள அனுப்பாதீங்க. அவன விட்டுடாதீங்க, புடிங்க!”

கோயில் குரூப்பில் போட்டாள். ‘வேன் அம்மாக்க’ளிலும் போட்டாள். அங்கிருந்து அது கிளம்பிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது. நஸ்ரின். செரண்டாவில் இருப்பவள், அவள் மகள் தினமும் இந்த வேனில்தான் போகிறாள்.

“அக்கா, ஒங்க வாய்ஸ கேட்டேன். எங்க வீட்டுக்காரரு அந்தக் கோயிலுக்குத்தான் போயிருக்காரு. போன் எடுக்க மாட்றாரு. அவரு மேல குண்டு கிண்டு வெடிச்சிருச்சுன்னா?”

“அவரு எதுக்குமா அங்க போனாரு?”

“மாமாவுக்கு முடியலலா. அவருதான் வேட்டுக்குழாயைக் கொண்டு போயிருக்காரு.”

“நான் பாக்குறேன்மா” என்று மட்டும் சொல்லி லோகேஸ்வரி கைப்பேசியை வைத்தாள். படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாள். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் ஊதா நிறத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று தொங்கியது. நஸ்ரினின் மகள் வேனில் மறந்து வைத்துவிட்டுப் போகிற போத்தல். லோகேஸ்வரியே எத்தனை தடவை அதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்! பேசுவதற்கு முன்னால் படத்தை ஒரு தடவை விரித்துப் பார்த்திருந்தால் போதும். அவள் பார்க்கவில்லை.

இரண்டு குரூப்பிலும் தன் பேச்சை அழித்தாள். அழித்து என்ன ஆகப்போகிறது? போனது போனதுதான். திவாகரனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. தலைவர் முருகையாவைக் கூப்பிட்டாள். அவர் சட்டையையும் கைப்பேசியையும் கழற்றி வைத்துவிட்டுக் கருவறை முன்னால் அபிஷேகத்தில் நின்றுகொண்டிருந்தார். வேனை எடுத்துக்கொண்டு பறந்தாள். இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்க்க அன்றைக்கு நினைவு வரவில்லை.

சாலைச் சந்திப்பில் விளக்கு சிவப்பானது. பக்கத்தில் நின்ற காரின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யாரோ சத்தமாக வைத்துக் கேட்டார்கள்: “அவன விட்டுடாதீங்க, புடிங்க!” லோகேஸ்வரி திடுக்கிட்டாள். யாரோ ஒரு பைத்தியக்காரி அலறுகிறாள் என்றே முதலில் தோன்றியது. பிறகுதான் அது தன் குரல் என்று உறைத்தது. அந்தக் காரில் இருந்தவர்கள் வண்டியைத் திருப்பி, வந்த வழியே போய்விட்டார்கள். பின்னிருக்கையில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப்பெண் அழுதுகொண்டிருந்தாள்.

மண்பாதை தொடங்குகிற இடத்தில், கால்வாய்ப் பாலத்தின்மேல் கூட்டம். மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. இக்ராமை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியிருந்தார்கள் என்பதுகூடத் தப்பு; இரண்டு பேர் பிடித்திருந்ததால்தான் அவன் நின்றான். நெற்றியிலிருந்து வழிந்த இரத்தம் தாடியில் இறங்கியிருந்தது. சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்திருந்தன. ஒருவன் கையில் செம்பனைக் குலை வெட்டுகிற கம்பு.

“அத்தனை பேரு கத்துறோம், திரும்பிக்கூடப் பாக்காம ஓடுற! தப்பு இல்லாதவன் ஏன்டா ஓடணும்?” திவாகரன் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

“திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு அத்தா சொன்னாங்கண்ணே. யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு...”

“கேட்டீங்களா? சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கானுங்க!”

முனியாண்டிக்காக அவன் காத்த வழக்கமே அவனுக்கு எமனாகிவிட்டது. கம்பு மேலே எழுந்தது. இக்ராம் பிடியை உதறி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தான்.

“அடிக்காதீங்கடா! அது வேட்டுக்குழாய்டா! அவன் பாவா பாய் மகன்!”

லோகேஸ்வரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து உள்ளே போனாள். பிள்ளைகளை வேனுக்கு இழுத்துவருகிற அந்தக் குரலுக்கு யாரும் அசையவில்லை. “நீங்க போங்கக்கா, ஆபத்து” என்று ஒருவன் தள்ளினான். அவன் கையிலிருந்த கைப்பேசியில் அதே பேச்சு ஓடியது. அதை வெடுக்கென்று பிடுங்கித் தலைக்குமேல் தூக்கினாள்.

“இது யாரு குரலு? சொல்லுங்கடா, யாரு குரலு? என்னோடது! நான்தான் சொன்னேன். நான் சொன்னது பொய்! அடிக்கணும்னா என்னை அடிங்க!”

கைப்பேசியில் ஒரு லோகேஸ்வரி ‘புடிங்க’ என்றாள். எதிரில் ஒரு லோகேஸ்வரி ‘விடுங்க’ என்றாள். கூட்டம் இரண்டையும் கேட்டது. கம்பு மெதுவாகத் தாழ்ந்தது.

“அப்புறம் ஏன்க்கா சொன்னீங்க?” என்றான் திவாகரன். “நான் யாருன்னுதானே கேட்டேன்.”

அவள் இக்ராமைத் தாங்கிப் பிடித்து வேனில் உட்காரவைத்து, பட்டுச் சேலை முந்தானையால் நெற்றியை அழுத்தினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. “நஸ்ரினுக்கு நான் போன் பண்ணிக்கிறேன்” என்றான். அவ்வளவுதான்.

காவல்துறைக் கார் வந்தது. முருகையா ஈர வேட்டியோடு ஓடிவந்தார். அதிகாரி முனியாண்டி கல்லருகே போய்ச் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தார். போன வருஷமும் அவர்தான் வந்திருந்தார், அந்தக் குழாயை அவருக்கே தெரியும். திவாகரனையும் கம்பு வைத்திருந்தவனையும் ஓரமாக நிறுத்திப் பெயர் கேட்டார். முருகையா நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இந்த வருஷம் வேட்டு வேண்டாம், சனம் ஏற்கெனவே பயந்து கிடக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள்.

“இன்னைக்கு நிறுத்தினா அடுத்த வருஷம் இது குண்டாவே ஆயிடும்லா,” என்றார் முருகையா. “மைக்ல எல்லாருக்கும் சொல்லிட்டுப் போடுங்க.”

இக்ராமைக் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் சாமி புறப்பாட்டுக்கு வந்த கூட்டம் பாலம் வரை பாதையை அடைத்துக்கொண்டது. வேன் நகர வழியில்லை. ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொன்னார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள்.

வேட்டு அதிர்ந்தது. செம்பனை மரங்களிலிருந்து பறவைகள் எழும்பின. ஒரு நொடி எல்லாரும் உறைந்து நின்றார்கள். பிறகு பிள்ளைகள் கைதட்ட, பெண்கள் குலவையிட, கூட்டம் சிரித்துக்கொண்டே நகர்ந்தது.

லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். இருக்கையில் இக்ராம் இல்லை. சுத்தியல் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவன், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், அவள் தினமும் குனிந்து தேடுகிற அந்த இடத்தில், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இரண்டு குரூப்பிலும் பேசிப் போட்டாள். அதை அனுப்பிவைக்க யாருக்கும் அவசரம் இல்லை. பழைய பேச்சு மட்டும் கோலா குபு பாரு வரை போய், அங்கிருந்த அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை மூலம் அவளுக்கே திரும்பி வந்தது, ‘ஜாக்கிரதை அக்கா’ என்ற குறிப்போடு. ‘வேன் அம்மாக்க’ளிலிருந்து நஸ்ரின் விலகியிருந்தாள்.

இருந்தாலும் திங்கட்கிழமை காலை லோகேஸ்வரி செரண்டாவுக்குப் போனாள். பிள்ளை வருமா, வராதா என்று தெரியவில்லை. பாவா பாய் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தாள். ஹார்ன் அடிக்கவில்லை. வேனுக்குள் பிள்ளைகள், “ஏன் ஆன்ட்டி ஹார்ன் அடிக்கல?” என்று கேட்டார்கள். “சும்மா இருங்க” என்றாள், அவர்கள் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில்.

கதவு திறந்தது. நஸ்ரின் மகளின் கையைப் பிடித்து அழைத்துவந்து வேனில் ஏற்றினாள். வேறு வேன் அந்தப் பக்கம் வருவதில்லை. ஊதாப் போத்தலை மகளின் மடியில் வைத்தாள். லோகேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நஸ்ரின் அவள் முகத்தைப் பார்க்காமலேயே பேசினாள்.

“ராத்திரியெல்லாம் கதவு அடிச்சாக்கூட எழுந்து உக்காந்துக்கிறாரு. அதுக்காக நீங்க ஹார்ன் அடிக்காம நிக்க வேணாம்க்கா. எப்பவும் போல அடிங்க. அவரு பழகணும்லா.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லோகேஸ்வரி ஹார்ன்மேல் கையை வைத்தாள். பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுத்துவதற்குக் கை வரவில்லை.