கடைத் திரையில் தங்கச்சியின் முகம்

என் தங்கச்சி வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணின் போனை வாங்கி, அவள் எனக்கு ஈமெயிலில் சில படங்களை அனுப்பினாள். முழங்கைக்குக் கீழே அயன் பெட்டியால் சுட்ட காயம். வீங்கி மூடிப்போன இடது கண். கீழே இரண்டே வரிகள்: "அம்மாவுக்குச் சொல்லாத. ஏஜன்சிக்குக் குடு."

அவளை அனுப்பிய ஏஜன்சிக்காரர் படங்களைக் கலரில் அச்செடுத்து முறைப்பாட்டுக் கடிதத்தோடு கொண்டுவரச் சொன்னார். நான் அலுவிகாரையில் ஒரு வாசனைத் திரவியக் கம்பெனியில் கிளார்க். அங்கே இருப்பது கறுப்பு வெள்ளை பிரிண்டர். அதனால் வேலை முடிந்து வரும் வழியில், மாத்தளை டவுனில் எங்கள் தெரு முனையில் இருக்கும் கொமினிகேஷன் கடைக்குப் போனேன். போட்டோகொப்பி, பிரிண்ட், போன் ரீலோட் எல்லாம் அங்கேதான்.

"மெயிலத் திறந்து படத்த டவுன்லோட் பண்ணுங்க மிஸ். மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார் கடைக்காரர்.

அழுத்தினேன். எங்கே வைக்கட்டும் என்று அந்த பிரவுசர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படங்கள் எங்கோ போய் விழுந்தன. அவர் ஒரு நொடியில் எடுத்து அச்சடித்துக் கொடுத்தார். நான் மெயிலை மூடி, மை பரவிப்போன தாளைக்கூட விடாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் நினைத்தேன்.

ஏஜன்சிக்காரர் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்கத் தொடங்கினார்.

அதற்கிடையில் அம்மா அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்க அதே கடைக்குப் போயிருக்கிறார். அங்கே கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவருக்கு நேரெதிரே கம்பியூட்டர். யாரும் தொடாமல் சும்மா இருந்த அந்தத் திரையில் படங்கள் தானாக மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. யாருடையவோ பிறந்தநாள் கேக். ஒரு கல்யாண ஜோடி. ஒரு த்ரீவீல் லைசன்ஸ். அப்புறம் என் தங்கச்சியின் மூடிய கண்.

அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். அந்தப் படம் திரும்ப வரும்வரை நின்றிருக்கிறார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்: "என் புள்ளைக்குக் கண்ணுல என்னாச்சு? கடையில இருக்கிறவங்களுக்கெல்லாம் தெரியுது. எனக்கு மட்டும் தெரியல."

பையைக்கூடக் கீழே வைக்காமல் கடைக்கு நடந்தேன்.

"எங்க தங்கச்சி படத்த ஊரு பாக்கப் போடச் சொன்னது யாரு?"

"யாரும் போடல மிஸ். கொஞ்ச நேரம் கை வைக்காட்டி தானா ஓடும். சும்மா அழகுக்கு."

"அழகுக்கா?"

அந்த நேரம் பார்த்துத் திரையில் யாரோ ஒரு பெண்ணின் வரன் பார்க்கும் போட்டோ வந்து போனது. பெஞ்சில் இருந்த தொப்பி போட்ட முஸ்லிம் நாநா ஒருவர் எழுந்தார். "தம்பி, என்ட மகள்ட போட்டோவும் இதுக்குள்ளயா கெடக்கு?" என் கோபத்துக்கு அசையாத கடைக்காரரின் முகம், அவர் கேட்ட பிறகுதான் வெளுத்தது. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கடைக்காரரின் கையிலிருந்த மவுஸை வாங்கி பிரவுசரின் செட்டிங்ஸைத் திறந்தேன். டவுன்லோட் ஆகும் எதுவும் நேராகப் படங்களின் ஃபோல்டரில் விழும்படி வைத்திருந்தார். அச்செடுக்கும்போது தேடத் தேவையில்லையாம். சும்மா இருக்கும் திரை அதே ஃபோல்டரிலிருந்துதான் படங்களை எடுத்து ஓட்டியது. அந்தக் கடைக்கு வந்துபோன சனத்தின் முகமெல்லாம் அதற்குள் கிடந்தது. ஒருவரின் தேடும் சிரமம் குறைவதற்காக.

எங்கே சேமிப்பது என்று ஒவ்வொரு முறையும் கேட்கும்படி மாற்றினேன். திரையில் படம் ஓடுவதை நிறுத்தினேன். தங்கச்சியின் படங்களை அழித்து, கம்பியூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மற்றவர்களின் படங்களை அவரே என் முன்னால் அழித்தார்.

"வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் இப்புடிக் கேட்டுக்கிட்டிருந்தா வேல ஓடுமா மிஸ்?"

"ஓடாட்டி நிக்கட்டும்" என்றேன்.

பிறகொரு நாள் வேண்டுமென்றே போய் ஒரு பூப்படத்தை டவுன்லோட் செய்து பார்த்தேன். திரையில் படம் ஓடவில்லை. ஆனால் பிரவுசர் பழையபடி ஒன்றும் கேட்காமல் படத்தை உள்ளே போட்டுக்கொண்டது. மனிதர் திரும்ப மாற்றியிருந்தார். நான் கத்திய கத்தலில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வெட்கமாக இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைப்படி நான் மிதித்ததில்லை.

அம்மா மட்டும் சத்தம் போடவில்லை. மை பரவிய தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஏஜன்சிக்குப் போனார். அந்தத் தாளை மேசையில் விரித்தார்.

"இது என் மக. இவ எப்ப வருவான்னு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

சொன்னபடி உட்கார்ந்தார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். வேலை தேடி வந்த பெண்கள் அம்மாவிடம் விஷயத்தைக் கேட்டுத் திரும்பிப் போகத் தொடங்கிய பிறகுதான் ஏஜன்சிக்காரர் வெளிநாட்டுக்குப் போன் போட்டுப் பேசினார். தங்கச்சி வந்து சேர்ந்தாள். கண் ஆறியிருந்தது. கையில் தழும்பு இருக்கிறது.

கடையில் நடந்ததை அவளிடம் மறைக்க முடியவில்லை. தெருவில் இரண்டு பேர் "கண்ணு சரியாப் போச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். நான் முழுவதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"என் மூஞ்சிய இத்தன பேரு பாத்திருக்காங்க. என்னைச் சுட்டவ மூஞ்சிய ஒருத்தராவது பாத்தாங்களாக்கா? அவ நல்லாத்தான் இருக்கா."

அவள் சொல்லச் சொல்ல, அந்த வீட்டுக்காரியின் மேல் புதிதாக ஒரு முறைப்பாட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். இந்த முறை படங்களை எந்தக் கடைக்கும் கொண்டுபோகவில்லை. மெமரி ஸ்டிக்கில் போட்டு அவளே கையில் வைத்திருந்தாள். முறைப்பாட்டோடு அதையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கான அரசாங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். இன்னும் பதில் இல்லை. அம்மா அங்கேயும் போய் உட்காரத் தயாராக இருக்கிறார்.