சோதினைக்கு முதல்நாள் காலிக்கோட்டை

"அயன்ன, ஆயன்ன, இயன்ன…"

பக்கத்து வீட்டுக் குழந்தை சிங்கள எழுத்துகளை உரக்கப் படிக்கும் மாலைகளில் நான் அண்ணாந்து பார்த்துவிடுகிறேன். என் வீட்டுக்கு மாடி கிடையாது. ஆனாலும் பலகை இடுக்கிலிருந்து தூசி உதிரும் என்று கண் காத்திருக்கிறது.

அந்தப் பலகைகள் கேகாலையில் ஒரு புடவைக் கடையின் மாடிப் பலகைகள். மேலே வாடகைக்கு இருந்தவர் வடக்கிலிருந்து வந்தவர், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளார்க். நாற்பத்தைந்து வயதில் எழுத்துக்கூட்டிக்கொண்டு நடப்பார். அவர் நடக்க நடக்க, நான் மடித்த துணிகளில் தூசி விழும். எனக்கு அப்போது இருபத்திரண்டு. தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். வேலிக்கு அந்தப் பக்கம் சிங்கள ஊர். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்த மொழி என் வாயில் ஏறியிருந்தது.

அறுபதுகளின் கடைசி அது. அரசாங்க வேலையில் இருப்பவர்கள் சிங்களப் பரீட்சையில் தேற வேண்டும். அவர் எழுத்தில் தேறிவிட்டார், வாய்மொழியில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். மூன்றாவதிலும் விழுந்தால் வேலை இல்லை. ஊரில் மனைவியும் மூன்று மகள்களும்.

"போன முறை அனுராதபுரத்தைப் பற்றி ஒரு கட்டுரை பாடமாக்கிக்கொண்டு போனனான், தம்பி. சோதினை எடுத்த மனிசன், நீர் கடைசியாப் பார்த்த இடத்தைச் சொல்லும் எண்டிட்டார். கச்சேரியையும் இந்த மாடியையும் விட நான் எதைப் பார்த்தன்?"

"அப்ப ஒரு எடத்தப் பாத்துட்டே போங்கண்ணே. பாத்ததச் சொல்ல பாடமாக்கத் தேவையில்லையே."

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். "வேலை காலியாகாமல் இருக்கக் காலிக்குப் போவமோ?"

திங்கட்கிழமை கொழும்பில் வாய்மொழிச் சோதினை. ஞாயிறு விடியுமுன் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். ஒரே நிபந்தனை: காலியில் கால் வைத்ததும் சிங்களம் மட்டும். கேட்பதும் அவர், பதில் வாங்குவதும் அவர். நான் வாய் திறக்கக் கூடாது.

கொழும்பிலிருந்து ரயில் கடலை ஒட்டியே ஓடியது. தென்னைக்கும் தென்னைக்கும் இடையில் நீலம் வந்தது, மறைந்தது, வந்தது. ரப்பர் மரத்து நிழலில் வளர்ந்த எனக்கு அவ்வளவு வெளிச்சம் கூச்சமாக இருந்தது. அவரோ கண்ணைச் சுருக்கவே இல்லை. வெள்ளைக் கால்சட்டை, காலில் மினுக்கிய சப்பாத்து, தலையில் தொப்பி. வடக்குக் கடற்கரைக்காரன் கடலைப் பார்க்கப் போவதற்கு இத்தனை அலங்காரமா என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டை வாசலில் அவர் ஒருவரை நிறுத்தி, முதல் வசனத்தைச் செதுக்கி எடுத்தார். "பல்லிய கொஹெத தியென்னே?" தேவாலயம் எங்கே இருக்கிறது? அவருக்கு வேண்டியிருந்தது டச்சு ஆட்சியில் ஒல்லாந்தர் கட்டிய பழைய தேவாலயம். வழிப்போக்கர் கையை நீட்டிய பக்கம் நடந்தோம். ஓட்டுக்கூரை வீடுகள், ஒடுங்கிய தெருக்கள், தெருக்கோடியில் மதில், மதிலுக்கு அப்பால் வானம் மட்டும். கடைசியில் வெளிச்சவீட்டருகே இரட்டைக் கோபுரத்தோடு வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம்.

"ஹரி," என்றார் அவர், சரி என்று சிங்களத்தில். நானும் தலையாட்டினேன். அப்போதுதான் வாசலில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் கால் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்தோம். அது பள்ளிவாசல். சிங்களத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

பெரியவர் எங்களை எதிரே இருந்த தம் வீட்டு விறாந்தையில் உட்கார வைத்தார். கால்மணி நேரம் சிங்களம் நடந்தது. மதிலை யார் கட்டியது, கப்பல்கள் எங்கே நின்றன, கறுவாப்பட்டை எப்படி ஏற்றினார்கள். பெரியவர் சரளமாக, இவர் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக. பிறகு பெரியவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்:

"இஞ்ச, ரெண்டு பேர் வந்தீக்கி. பாவம், ஒருத்தருக்குச் சிங்களம் சரியா வருதில்ல. தேத்தண்ணி கொண்டு வாங்கொ!"

நான் நிபந்தனையை மீறிச் சிரித்துவிட்டேன். கிளார்க் தொப்பியைக் கழற்றினார். "ஐயோ, நீங்கள் தமிழோ?"

"அல்லாவே! நான் ஒங்கள பறங்கியெண்டு நெனச்சன். தொப்பியும் சப்பாத்தும்!"

அன்றைக்கு அவர் முதல்முறையாகத் தோளைத் தளர விட்டார். தேநீருக்குப் பிறகு பெரியவரே எங்களுக்கு மற்றப் பல்லியவுக்கு வழி காட்டினார்.

அதன் வாசலில் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கற்கள். மண்டையோடு, கேடயம், கப்பல், நெருக்கமாக வெட்டிய டச்சு எழுத்துகள். வெறுங்காலில் அந்த எழுத்துகள் குளிர்ந்தன. யாருடைய பெயரை மிதிக்கிறேன் என்று தெரியவில்லை. காவல்காரரிடம் இவர் சிங்களத்தில் கேட்டார், என்ன எழுதியிருக்கிறது என்று. தனக்கும் வாசிக்கத் தெரியாது என்றார் காவல்காரர்.

இவர் என் காதருகே குனிந்து, தமிழில், "உதுவும் ஒரு காலத்திலை அரசகரும மொழிதானே, தம்பி," என்றார். சொல்லிவிட்டு அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு நடந்தார். மிதிக்கவில்லை.

ரயில் நேரம்வரை மதில்மேல் நடந்தோம். நிபந்தனையை யாரும் நினைவுபடுத்தவில்லை. காற்று அவருடைய தொப்பியைக் கொண்டுபோனது. அது கீழே பாறையில் உருண்டு அலைக்குள் போவதை, யாருடையதோ போவது போல, நின்று பார்த்தார்.

திரும்பும் ரயிலில் எதிரே கூடையோடு ஒரு சிங்கள அம்மா. எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "முஹுண பலன்ன கியா," என்றார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "யாருடைய முகத்தை?" கடல், முஹுத. முகம், முஹுண. கடலைப் பார்க்கப் போனோம் என்று சொல்ல வந்தவருக்கு ஓர் எழுத்தில் கடல் முகமாகிவிட்டது. மாடியில் என்றால் இந்தப் பிழைக்கு அன்றைய படிப்பையே மூடி வைத்திருப்பார். இப்போது அவரும் சேர்ந்து சிரித்து, திருத்திச் சொல்லி, நிறுத்தாமல் மேலே போனார். பள்ளிவாசல், பெரியவர், தேநீர், தொப்பி. பிழை பிழையாக, களுத்துறைப் பாலம் தாண்டும்வரை. அம்மா இடையிடையே ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். இவர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அன்றிரவு அவர் கொழும்பில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினார். நான் கடை திறக்கக் கேகாலை திரும்ப வேண்டும். புறக்கோட்டை பஸ் நிலையத்தில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெறுந்தலையோடு, முகத்தில் உப்புக் காய்ந்து நின்றார்.

"நாளைக்குப் பயப்படாதீங்கண்ணே."

"பயம்தான், தம்பி. ஆனால் சொல்லுறதுக்கு ஒண்டு இருக்கு. பிழையாத்தான் சொல்லுவன், முடியுமட்டும் சொல்லுவன். நீர் ஓடிப்போய் பஸ்ஸிலை ஏறும், பிந்தினால் இருக்க இடம் கிடைக்காது."