மாமி அள்ளி வீசிய நுரை

மடி முழுக்க ஈரம்...

கல்யாண விருந்தான வலீமா முடிந்த மறுநாள் தில்லையடியிலிருந்து கற்பிட்டிக்குப் பஸ்ஸில் போகிறோம். என் புதுச் சாரம் நனைந்துகொண்டே வருகிறது. மடியில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தல், அதற்குள் என் நீல நிற ஃபைட்டர் மீன். பஸ் குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் சிந்தும். பக்கத்தில் புதுப்பெண் நஸ்ரியா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

எங்கள் குடும்பங்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. உடுப்புப் பெட்டி ஒன்று, மீன் போத்தல் ஒன்று... அவ்வளவுதான் நான் கொண்டுபோன சொத்து.

வாசலில் மாமா போத்தலை வாங்கித் தூக்கிப் பார்த்தார். மனிதர் கருவாட்டு வியாபாரி. "மருமகன், இத காயப்போட்டா ஒரு வாய்க்கும் காணாதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என்னைத் தவிர. அந்த வயதில் எனக்கு எதற்கெடுத்தாலும் ரோஷம்.

தில்லையடியில் இருந்தபோது அந்த மீன் தண்ணீரின் மேலே சின்னச் சின்னக் குமிழிகளாக ஊதி ஊதி, நுரையில் கூடு கட்டும். முட்டைகளைப் பாதுகாப்பதற்கான கூடு. ஆண் மீன்தான் கட்டுவது. பெண் மீன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கட்டும்.

"நொர கட்டினா மீன் சந்தோசமா ஈக்கிது எண்டு அர்த்தம் மச்சான்" என்று அதை எனக்குத் தந்த கூட்டாளி சொல்லியிருந்தான். நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

கற்பிட்டிக்கு வந்த பிறகு நுரையே இல்லை...

நான் வேலை செய்தது புத்தளம் டவுனில் ஒரு ஃபோன் ரிப்பேர் கடையில். காலை ஆறு மணி பஸ்ஸில் போனால் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வீடு. லீவு நாளிலும் விடியவே தில்லையடிக்குப் போய்விடுவேன். வந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல், போத்தலை வைத்திருந்த குசினி ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பேன். போத்தல் பளிச்சென்று இருக்கும். ஒரு குமிழிகூட இருக்காது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதமும் போய்விட்டது.

உண்மையைச் சொன்னால், சந்தோஷமில்லாமல் இருந்தது நான்தான். மாமி பெரிய மீன் துண்டை என் பீங்கானில் வைத்தால், இன்னும் விருந்தாளி மாதிரி நடத்துகிறார்களே என்று மனதுக்குள் குறை. வைக்காவிட்டால் அதற்கும் குறை. இப்போது மீனும் நல்ல சாட்டாக வந்து வாய்த்தது.

"மீனுக்கே இந்த ஊடு புடிக்கல்ல. தில்லையடில வாடகைக்கு ஒரு ஊடு பாத்து பெய்த்துருவம்" என்று நஸ்ரியாவிடம் சொல்லியே விட்டேன்.

அவள் முகம் செத்துப்போனது. "உம்மா தாங்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நான் விடவில்லை. வீடும் பார்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு மாமா, மாமியிடம் சொல்வதாக இருந்தேன்.

அதற்கு முந்திய நாள் தலவில தேவாலயத் திருவிழாக் கூட்டம். ரோடெல்லாம் நெரிசல், பஸ் கிடைக்காது என்று முதலாளி மத்தியானமே அனுப்பிவிட்டார். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம் பின்வாசலால் நுழைகிறேன்... மாமி குசினி ஜன்னலருகே நிற்கிறார். கையில் சிரட்டை அகப்பை. போத்தலின் வாய்க்குள் விட்டு எதையோ மெதுவாக அள்ளி வெளியே வீசுகிறார்.

"என்ன மாமி செய்யிறீங்க?"

"ஒங்கட மீன்ட தண்ணி மகன். ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் நொர பொங்குது. எறச்சி அவிக்கக்குள்ள அழுக்கு மேல வருமே, அது மாதிரி. அஸர் தொழுதுட்டு அள்ளி வீசிட்டு, கொடத்துல ஈக்கிற கெணத்துத் தண்ணி கொஞ்சம் ஊத்துவன்."

ஒவ்வொரு நாளும்!

இவ்வளவு நாளும் அந்த மீன் விடாமல் கட்டியிருக்கிறது. மாமியும் விடாமல்...

"மாமி, அது அழுக்கில்ல. அது கட்டுற ஊடு."

மாமி அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. "யா அல்லாஹ்... ஒரு உசுருட ஊட்டயா நான் இவ்வளவு நாளும் ஒடச்சன்?"

சத்தம் கேட்டு வந்த மாமா விஷயத்தைக் கேட்டார். "ஆம்பிளயா ஊடு கட்டுது? அப்ப இது நம்மட ஊரு மாப்பிள இல்ல" என்றார். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதன்பிறகு மாமி நுரையில் கை வைக்கவில்லை. காற்றில் கலையக்கூடாதென்று ஜன்னலின் ஒரு கதவைச் சாத்திவைத்தார். நான் காய்ந்த வாழையிலைத் துண்டொன்றை மிதக்கவிட்டேன். அதற்கடியில் மீன் கட்டத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். நஸ்ரியா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமி, இன்னம் கொஞ்சம் ஆணம் ஊத்துங்க" என்றேன். வாடகை வீட்டுப் பேச்சை எடுக்கவேயில்லை.

அந்த மீன் போய்விட்டது. இப்போது அதே ஜன்னலருகே பெரிய தொட்டி, ஃபில்டர் எல்லாம் இருக்கிறது. ஃபோனில் மீன் வளர்ப்பவர்களின் குரூப் ஒன்றும் இருக்கிறது. நுரை கட்டவில்லையே என்று யாராவது கவலைப்பட்டால், வளர்ந்த ஆண் மீன் இயல்பாகவே கட்டும், கட்டினால் சந்தோஷம் என்றோ கட்டாவிட்டால் துக்கம் என்றோ முடிவெடுக்காதீர்கள் என்று எழுதுவேன். நன்றாகத் தின்கிறதா, நிறம் மங்காமல் இருக்கிறதா, உங்களைக் கண்டதும் முன்னுக்கு வருகிறதா, அதைப் பாருங்கள்.

போன பெருநாளைக்குத்தான் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாடகை வீடு பார்த்தது, போகத் தயாராக இருந்தது... மாமி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தெரியும் மகன். ஒங்கட மொகத்துல தெரிஞ்சிச்சே. அந்த மீன் செத்துட்டா நீங்களும் பெய்த்துருவீங்க எண்டு பயந்துதான், நான் ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணிய சுத்தம் பண்ணின."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அல்ஹம்துலில்லாஹ், இப்படி ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தேனே.

இப்போது மாமிக்குக் கண்பார்வை குறைவு. அஸருக்குப் பிறகு அவரைத் தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் உட்காரவைத்து, மீன் என்ன செய்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன்.