டிக்கெட் தின்ற ஆடு

கைப்பிடியைச் சுற்றினால் தாளைத் தின்னும் மர ஆடு ஒன்றை நானும் தங்கையும் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் செய்தோம். சுவரொட்டி தின்னும் எங்கள் தெரு ஆட்டைப் பார்த்து வந்த யோசனை. வாய்க்குள் இரண்டு ரப்பர் உருளைகள் தாளை இழுக்க வேண்டும். சனியன், பல நாள் துப்பிக்கொண்டே இருந்தது. ஒழுங்காக விழுங்கிய அன்று தலைகால் புரியாமல் வயிற்றுப் பலகையையும் பசை போட்டு ஒட்டிவிட்டோம்.

விழுப்புரத்துப் பொம்மைக் கடையில் காட்டப் பேருந்தில் கிளம்பினோம். பக்கத்து இருக்கைக் குழந்தை கேட்டதென்று, வேறு தாள் இல்லாமல், என் டிக்கெட்டையே ஆட்டுக்குக் கொடுத்தேன். அழகாக விழுங்கியது. அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார்.

"டிக்கெட் எங்கம்மா?"

"ஆடு தின்னுடுச்சு சார்."

"யார்கிட்ட கதை உட்டுக்கினு இருக்கீங்க?"

தங்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் டிக்கெட்டை ஆட்டின் வாயில் வைத்துச் சுற்றிக் காட்டினாள். அதுவும் போயிற்று. வயிற்றைத் திறக்க வழியே வைக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பேருந்தே சிரித்தது. நடத்துனர் எங்களுக்குச் சாட்சி சொன்னார். பரிசோதகர் மட்டும் சிரிக்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்து, "இத்த தின்னுதா பாக்கலாம்" என்றார்.

முண்டியம்பாக்கத்தில் இறங்க வேண்டியவர், விழுப்புரம் வரும்வரை ஆட்டின் கைப்பிடியை விடவில்லை.